நிணநீர்ப் புற்றும் நச்சுயிர்களும்

வெறுங்காலோடு விளையாடும் பிள்ளையின் காலில் முள் தைத்துப் புண்ணானால், இரண்டொரு நாளில் அதன் தொடையிடுக்கில் ஒரு கட்டி திரள்வதுண்டு. ‘நெறி கட்டியிருக்கிறது’ என்பர் வீட்டிலுள்ள பெரியவர். புண் ஆறினால் நெறியும் வாடிவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். அந்த நெறிதான் மருத்துவ நூலார் கூறும் நிணநீர்க் கணு. கழுத்திலும் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் வயிற்றினுள்ளும் இத்தகைய கணுக்கள் பல உள்ளன. நோய்க்கிருமி உடலில் நுழையுங்கால் அதனை எதிர்க்கும் வெள்ளணுக்கள் திரண்டு நிற்கும் பாசறைகள் அவை.

போர் முடிந்ததும் படை கலைய வேண்டும்; அதுவே இயற்கையின் ஒழுங்கு. கலையாமல், கட்டளைக்கு அடங்காமல், வெள்ளணுக்கள் மேலும் மேலும் பெருகுமாயின் அது நிணநீர்ப் புற்று எனப்படும். இலண்டன் கை மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்பார் 1832ஆம் ஆண்டில் இவ்வகை நோய் ஒன்றினை முதன்முதலில் விளக்கியுரைத்தார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கிருமியை எதிர்க்கும் படையிலேயே தோன்றும் நோய் இது. ஆதலின், நச்சுயிர் எனப்படும் வைரஸ் கிருமிக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு வேறெப் புற்றுநோயிலும் காணாத அளவுக்குச் சிக்கல் வாய்ந்தது. நச்சுயிர் இந்நோய்க்கு வித்தாகுமா? வந்த நோயின் போக்கை மாற்றுமா? மருந்துண்ணும் நோயாளியைக் காக்குமா, கெடுக்குமா? இவ்வினாக்களுக்கு விடை காண மருத்துவ உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அவ்வுழைப்பின் வரலாறு ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது.

கம்பாலாவில் கண்ட நோய்

உகாண்டா நாடு பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலம். கம்பாலா நகரில் மூலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர் டெனிஸ் பர்க்கிட். 1911ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்தவர்; பதினொன்றாம் வயதில் ஒரு கண்ணை இழந்தவர். ஒற்றைக் கண்ணுடைய இம்மருத்துவர்தான் பலர் கண்ணில் பட்டும் கருத்தில் படாத ஒன்றைக் கண்டார்.

1957ஆம் ஆண்டில் ஒருநாள், உடன் பணியாற்றிய டாக்டர் ஹியூ டிரோவெல் அவரை அழைத்து ஒரு சிறுவனைக் காட்டினார். அச்சிறுவனின் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும், இடமும் வலமுமாக நான்கு இடங்களில் வீக்கம் இருந்தது. சீழ்க்கட்டியாயின் ஒரு பக்கம் வரும். கழலையாயினும் ஒரு பக்கம் வரும். நான்கு மூலையிலும் ஒருங்கே வருவது எந்நோய்? விடை கிடைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து, ஜிஞ்சா என்னும் ஊரின் மருத்துவமனைக்குச் சென்றிருந்த பர்க்கிட், சாளரத்தின் வழியே வெளியே நோக்கியபோது அதே முகத்தோற்றமுடைய வேறொரு பிள்ளையைக் கண்டார். அப்பிள்ளையின் வயிற்றிலும் கழலை இருந்தது. ஒன்று தற்செயல் ஆகலாம். இரண்டும் தற்செயல் ஆகுமோ?

பர்க்கிட் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். 38 பிள்ளைகளின் நோய்க் குறிப்புகளைத் தொகுத்து 1958ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். நோயுற்ற திசுக்களை ஆராய்ந்த கம்பாலாவின் நோய்க்கூற்றறிஞர்கள், இது நிணநீர்ப் புற்றின் ஒரு வகையே எனத் தெளிவுபடுத்தினர்.

இந்நோய் எங்கெங்கு உண்டு, எங்கெங்கு இல்லை என்பதை அறிய விரும்பிய பர்க்கிட், 1961ஆம் ஆண்டு அக்டோபரில், 250 பவுன் கொடுத்து வாங்கிய ஒரு பழைய போர்டு வண்டியில் புறப்பட்டார். டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்னும் இரு மருத்துவர்கள் உடன் சென்றனர். பத்து வாரத்தில் ஏறக்குறைய 10,000 மைல் சுற்றி, மருத்துவமனைதோறும் நோயாளிகளின் படங்களைக் காட்டி வினவினர். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் நோய் இருந்தது. குளிர்ந்த மேட்டுநிலங்களிலும் வறண்ட நிலங்களிலும் இல்லை. ஆப்பிரிக்காவின் நடுவே ஒரு பட்டைபோல் அது அமைந்திருந்தது. கொசு பெருகும் நிலமும் அதுவே. கொசு சுமந்து செல்லும் ஒரு நச்சுயிரே காரணமோ என்னும் ஐயம் எழுந்தது.

மூடுபனியால் தாமதமான குப்பி

அப்பயணத்துக்குச் சில மாதங்கள் முன்னர், 1961ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பர்க்கிட் ஒரு சொற்பொழிவாற்றினார். அவையிலிருந்த ஆண்டனி எப்ஸ்டீன் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் நச்சுயிரை ஆராய்ந்து வந்தவர். சொற்பொழிவு முடியுமுன்னரே அவர் உள்ளத்தில் ஓர் உறுதி பிறந்தது: இந்நோயிலும் ஒரு நச்சுயிர் ஒளிந்திருத்தல் வேண்டும்.

கம்பாலாவிலிருந்து கழலைத் துண்டுகள் விமானத்தில் இலண்டனுக்கு வரத் தொடங்கின. ஏறத்தாழ ஈராண்டுகள் எப்ஸ்டீன் தேடினார், ஒன்றும் புலப்படவில்லை. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் வரவேண்டிய விமானம், இலண்டனில் மூடுபனி கவிந்திருந்தமையால் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. தாமதமாக வந்துசேர்ந்த குப்பியில் நீர் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டது என்று கொட்டிவிடத் தக்க நிலைதான். ஆனால் எப்ஸ்டீன் ஒரு துளியை எடுத்து உருப்பெருக்கியில் வைத்தார். கலக்கத்துக்குக் காரணம் அழுகலன்று. திசுவிலிருந்து உதிர்ந்து, உயிரோடு நீரில் மிதந்த புற்றணுக்களே! அவ்வணுக்களை அவ்வாறே நீரில் மிதக்கவிட்டு வளர்த்தனர்; அவை தழைத்தன.

1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்வணுக்களை மின்னணு உருப்பெருக்கியில் நோக்கிய எப்ஸ்டீன், அக்கி வகையைச் சேர்ந்த நச்சுயிர் ஒன்றைக் கண்டார். கருவியின் கதிரில் அது எரிந்துபோகுமோ என அஞ்சிக் கருவியை நிறுத்திவிட்டு, வெளியே பனியில் சிறிது நேரம் நடந்து, மனத்தை அமைதிப்படுத்திக்கொண்டு மீண்டாராம். உடனுழைத்தவர் இருவர்: திரினிடாட்டில் பிறந்த பெர்ட் அச்சோங், அயர்லாந்து நங்கை ஈவான் பார். மூவர் பெயரிலும் மார்ச்சு மாதம் கட்டுரை வெளிவந்தது. நச்சுயிருக்கு எப்ஸ்டீன்–பார் என்ற பெயர் நிலைத்தது. மனிதப் புற்றோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் நச்சுயிர் இதுவே. ஈவான் பார் பின்னாளில் ஆஸ்திரேலியா சென்று பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார் என்பது ஆசிரிய உலகம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

எல்லாரிடமும் இருந்தும் சிலர்க்கே நோய்

நச்சுயிர் கிடைத்ததும் புதிர் தீர்ந்ததா? இல்லை; புதிர் பெரிதாயிற்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே என்னும் தம்பதியர் இந்நச்சுயிருக்கு எதிரான பொருள் எவர் குருதியில் உண்டு எனச் சோதித்தனர். ஆப்பிரிக்கப் பிள்ளைகளிடம் மட்டுமன்று, அமெரிக்கரிடமும் அது இருந்தது. உலகில் வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதனைத் தம் உடலில் சுமக்கின்றனர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெரும்பாலோர்க்கு அது வந்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது. கொசுவும் அதனைச் சுமப்பதில்லை. உமிழ்நீர் வழியே அது பரவுகிறது.

அங்ஙனமாயின் ஆப்பிரிக்காவின் அந்தப் பட்டையில் மட்டும் நோய் மிகுவானேன்? அங்கு ஓயாது தாக்கும் மலேரியாக் காய்ச்சலே துணைக்காரணம் என்பது அறிஞர் கொள்கை. மலேரியா ஒருபுறம் வெள்ளணுக்களை இடைவிடாது பெருகத் தூண்டுகிறது. மறுபுறம் நச்சுயிரை அடக்கும் காவலணுக்களைத் தளர்த்துகிறது. அணுக்கள் ஓயாது பெருகுகையில் அவற்றின் குரோமோசோம்களில் பிழை நேர்கிறது. எட்டாம் குரோமோசோமின் ஒரு துண்டு இடம்மாறிச் சேர்வதே அப்பிழை. பிரெஞ்சு அறிஞர் கீ தெ தே உகாண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்தில் ஏறக்குறைய 42,000 பிள்ளைகளின் குருதியை முன்னரே எடுத்துவைத்து, பின்னர் எவர்க்கு நோய் வருகிறது எனக் காத்திருந்து கண்டார். இந்நச்சுயிருக்கு எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்த பிள்ளைகட்கு இடர் ஏறத்தாழ முப்பது மடங்கு என 1978ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு காட்டியது.

வித்து எல்லா நிலத்திலும் விழுகிறது. முளைப்பதோ காவல் தளர்ந்த நிலத்தில். இவ்வுண்மையே நிணநீர்ப் புற்றின் வரலாறு முழுவதையும் விளக்கும் திறவுகோலாகும்.

தட்டம்மை செய்த விந்தை

மருந்தைப் பொறுத்தவரை பர்க்கிட் கண்ட நோய் ஒரு நம்பிக்கையையும் தந்தது. கத்தியால் தீராத அக்கழலைகள், 1960களில் மெதோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு முதலிய மருந்துகளைச் சிறிதளவே கொடுத்தும் கரைந்தன. சில பிள்ளைகள் நிலையாகவே நலம்பெற்றனர். 1967ஆம் ஆண்டில் கம்பாலாவில் இதற்கெனவே ஒரு சிகிச்சை நிலையம் தோன்றியது. ஜான் ஜீக்லர் என்னும் அமெரிக்க மருத்துவர் அதனை நடத்தினார்.

அங்கு ஒரு விந்தை நிகழ்ந்தது. கண்ணருகே கழலை வளர்ந்திருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, மருந்து தொடங்குமுன்னரே தட்டம்மை கண்டது. அம்மை இறங்கியபோது கழலையும் கரைந்திருந்தது. ஜீக்லரும் பிளூமிங் என்னும் மருத்துவரும் 1971ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிவித்தனர். ஹாட்ஜ்கின் நோயாளர் சிலரிடமும் தட்டம்மைக்குப்பின் இவ்வாறு நேர்ந்ததாகக் குறிப்புகள் வெளிவந்தன. தட்டம்மை நச்சுயிர் வெள்ளணுக்களைப் பற்றி அழிக்கவல்லது. அத்தோடு, உறங்கிய காவலரையும் அது தட்டி எழுப்பியிருத்தல் கூடும்.

ஆயின், இத்தகைய நிகழ்ச்சிகள் மிகமிக அரியன. தளர்ந்த உடலில் தட்டம்மை உயிரையே குடிக்கும். நலம்பெற்ற ஒருவரைக் கண்டு அதனை மருந்தெனக் கொள்வது பேதைமை. தட்டம்மை நச்சுயிரைப் பக்குவப்படுத்திப் புற்றுக்கு மருந்தாக்கும் ஆராய்ச்சிக்கு அச்சிறுவனின் கதை ஒரு தூண்டுகோல் ஆனது என்பதே அதன் பயன்.

காவல் தளர்ந்தால், காவல் மீண்டால்

பிறர் சிறுநீரகத்தையோ கல்லீரலையோ ஒருவர்க்குப் பொருத்தினால், உடல் அதனை அயலான் எனத் தள்ளிவிடாதிருக்க எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்குவர். அவ்வாறு அடக்கப்பட்டோரிடம் எப்ஸ்டீன்–பார் நச்சுயிர் தலைதூக்கி நிணநீர்ப் புற்றை உண்டாக்கியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்சலும் அவர் குழுவினரும் 1984ஆம் ஆண்டில் ஒரு வியத்தகு முடிவை வெளியிட்டனர். எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைத்தாலே, நோயாளர் பலரிடம் கழலை கரைந்தது! காவலர் மீண்டும் எழுந்ததும் கலகம் அடங்கியது.

இதே பாடத்தை எய்ட்ஸ் நோய் பேரளவில் கற்பித்தது. கம்பாலாவில் பணியாற்றிய அதே ஜீக்லர், 1982ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நான்கு ஆடவரிடம் பர்க்கிட் கழலையை ஒத்த நோயைக் கண்டார். 1984இல் வெளியான கட்டுரையில் அவ்வெண்ணிக்கை 90 ஆயிற்று. எச்.ஐ.வி. நச்சுயிர் காவலணுக்களையே அழித்தமையால் அந்நோயாளர் புற்று மருந்தையும் தாங்க இயலாது விரைவில் மாண்டனர். 1996ஆம் ஆண்டு முதல் கூட்டு மருந்துகள் எச்.ஐ.வி.யை அடக்கிய பின்னர் நிலைமை மாறியது. நச்சுயிரை அடக்கியபடியே புற்றுக்கும் மருந்து பெறுவோர், ஏனைய நோயாளரைப் போலவே நலம்பெற வழி பிறந்தது.

நச்சுயிரின் இருப்பே நோயின் முடிவை முன்னறிவிக்கும் இடங்களும் உண்டு. ஹாட்ஜ்கின் நோயுற்ற முதியோரில், கழலையினுள் எப்ஸ்டீன்–பார் நச்சுயிர் இருப்பின் முடிவு நலிவாக இருத்தல் மிகுதி. இளையோரிடம் அவ்வேற்றுமை காணப்படவில்லை. முதுமையில் காவல் தளர்வதே இதற்குக் காரணமாகலாம். கிழக்காசியாவில் மிகுதியாகக் காணும் மூக்குப்பகுதி நிணநீர்ப் புற்றில், குருதியில் கலந்துள்ள இந்நச்சுயிரின் அளவைக் கொண்டே நோய் தணிகிறதா, மிகுகிறதா என மருத்துவர் கணிக்கின்றனர்.

கல்லீரலில் காத்திருக்கும் பகை

இதுவரை கண்டவை புற்றுக்கு வித்தான நச்சுயிர்கள். இனி, புற்றைத் தொடாமல் நோயாளியைத் தொடும் நச்சுயிர் ஒன்று உண்டு. அதுவே நம் நாட்டவர் கருத்திற் கொள்ளத்தக்கது. அது பி வகைக் கல்லீரல் அழற்சி நச்சுயிர். பாரூக் பிளம்பெர்க் இதனைக் கண்டறிந்ததற்காக 1976ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

குழந்தைப் பருவத்தில் தொற்றிய இந்நச்சுயிர் பல்லாண்டு கல்லீரலில் அடங்கிக் கிடப்பதுண்டு. ஒருவர்க்கு நிணநீர்ப் புற்று வந்து, வெள்ளணுக்களை அழிக்கும் மருந்து கொடுக்கப்படும்போது காவலும் சேர்ந்தே அழிகிறது. அடங்கிக் கிடந்தது எழுகிறது. இவ்விடர் 1975ஆம் ஆண்டிலேயே மருத்துவரால் சுட்டப்பட்டது. 1997ஆம் ஆண்டில் ரிடுக்சிமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நிணநீர்ப் புற்றாளரின் ஆயுளை நீட்டிய அருமருந்து அது. ஆனால் எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களை அது குறிவைத்து அழிப்பதால், கல்லீரல் நச்சுயிர் விழித்தெழும் இடரும் மிகுந்தது.

ஹாங்காங் மருத்துவர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டும். முன்னொரு காலத்தில் இந்நச்சுயிர் தொற்றி நீங்கியதாகக் கருதப்பட்ட நோயாளரில், ரிடுக்சிமாப் சேர்த்துக் கொடுக்கப்பட்ட 21 பேரில் 5 பேர்க்கு நச்சுயிர் மீண்டெழுந்தது; அம்மருந்தின்றிச் சிகிச்சை பெற்ற 25 பேரில் ஒருவர்க்கும் எழவில்லை. புற்றினின்று பிழைத்தவர் கல்லீரல் கெட்டு மாள்வது எத்துணைக் கொடுமை!

தடுக்கும் வழியும் ஹாங்காங்கிலிருந்தே கிடைத்தது. 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நச்சுயிர் சுமந்த 30 நிணநீர்ப் புற்றாளர் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். புற்று மருந்துக்கு முன்னரே லாமிவுடின் என்னும் நச்சுயிர் மருந்து பெற்ற 15 பேரில் ஒருவர்க்கும் நச்சுயிர் மீண்டெழவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விடப்பட்ட 15 பேரில் 8 பேர்க்கு மீண்டெழுந்தது. அதனினும் வலிய மருந்துகள் பின்னர் வந்துள்ளன. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, சிகிச்சை தொடங்குமுன் எல்லா நோயாளரிடமும் இந்நச்சுயிருக்குக் குருதிச் சோதனை செய்தல் வேண்டும் என ரிடுக்சிமாப் மருந்தின்மேல் கடும் எச்சரிக்கை பொறிக்கச் செய்தது.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு முதலும் மலேசியாவில் 1989ஆம் ஆண்டு முதலும் பிறந்த குழந்தைகள் யாவர்க்கும் இந்நச்சுயிருக்குத் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்தோர்க்குப் பிறப்பிலேயே அக்காப்பு இல்லை. நிணநீர்ப் புற்று மிகுதியாகத் தாக்கும் வயதை எய்தியவர்களும் எய்தவிருப்பவர்களும் அவர்களே. ஆதலின் மருந்து தொடங்குமுன் செய்யப்படும் அச்சிறு குருதிச் சோதனை, இந்நாடுகளில் ஓர் உயிரின் விலை உடையது.

சி வகைக் கல்லீரல் அழற்சி நச்சுயிரோ இதற்கு மறுதலையான ஒரு காட்சியைத் தந்தது. 2002ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்ட ஆய்வில், அந்நச்சுயிரோடு மண்ணீரல் நிணநீர்ப் புற்றும் உற்ற 9 பேர்க்கு இன்டர்பெரான் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. நச்சுயிர் மறைந்த 7 பேரிடம் புற்றும் மறைந்தது. அந்நச்சுயிர் இல்லாத, அதே வகைப் புற்றுடைய 6 பேர்க்கு அம்மருந்து பயன்படவில்லை. நச்சுயிரே வேரெனின், வேரை அறுக்க மரமும் சாய்கிறது.

வரலாறு கூறும் பாடம்

2020ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த கோவிட் பெருந்தொற்றும் இப்பாடத்தையே மீண்டும் ஓதிற்று. நிணநீர்ப் புற்றாளர் அந்நோய்க்கு மிகுதியாக இரையாயினர். ரிடுக்சிமாப் அண்மையில் பெற்றோர்க்குத் தடுப்பூசி போட்டும் எதிர்ப்பொருள் போதிய அளவு சுரக்கவில்லை. சிலர் உடலில் அந்நச்சுயிர் மாதக்கணக்கில் தங்கியது.

ஆகவே, நச்சுயிர் நிணநீர்ப் புற்றாளர்க்கு என்ன செய்யும் என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை. ஒன்று வித்தாகிறது, ஒன்று காவலை அழிக்கிறது, ஒன்று சிகிச்சையின் போது விழித்தெழுந்து வெற்றியைப் பறிக்கிறது, அரிதாக ஒன்று புற்றையே கரைக்கிறது. எல்லாவற்றிலும் முடிவை வகுப்பது நச்சுயிர் மட்டுமன்று; அதற்கும் உடலின் காவலுக்கும் இடையேயுள்ள சமனிலையே. கழலைக்கு எம்மருந்து எனக் கேட்குமுன், இவ்வுடலில் எந்நச்சுயிர் குடியிருக்கிறது எனக் கேட்க மருத்துவம் கற்றுக்கொண்டது. அக்கேள்வியைக் கற்க அறுபது ஆண்டுகளும் எண்ணற்ற உயிர்களும் தேவைப்பட்டன.

கற்ற பாடம் எல்லார்க்கும் பயன்பட்டதா என்பதே எஞ்சி நிற்கும் வினா. செல்வ நாடுகளில் பர்க்கிட் கழலையுற்ற பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்க மண்ணிலோ, பல இடங்களில் பாதிப்பேர் பிழைப்பதே அரிதாக உள்ளது. கழலை முற்றிய பின் வருதலும், மருந்து கிட்டாமையும், கூலிவேலையை விட்டு நெடுநாள் மருத்துவமனையில் தங்கப் பெற்றோர்க்கு இயலாமையுமே காரணங்கள். மூலாகோ மருத்துவமனையில் நான்கு வீக்கங்களோடு நின்ற அச்சிறுவன் உலகுக்கு ஒரு பெரும் அறிவைக் கொடுத்தான். அவ்வறிவின் பயன் அவன் ஊர்ப் பிள்ளைகட்கு முழுமையாகச் சென்று சேரும் நாளிலேயே இவ்வரலாறு நிறைவுபெறும்.